மேனுவல் அண்ணன்

டெலிகிராமில் தொழில்நுட்பக் குழு என்று ஒன்று இருந்தால், அதில் ஒரு மேனுவல் அண்ணன் இருந்தே தீருவார். லினக்ஸ் குழுவோ பைத்தான் குழுவோ, பெயர்தான் மாறும். அண்ணன் மாற மாட்டார். அவருடைய நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. முகப்புப் படத்தில் ஒரு பெங்குவின் உட்கார்ந்திருக்கும். அவர் அட்மின் இல்லை. ஆனால் அட்மினே அவரைக் கேட்டுத்தான் தும்முவார்.

அண்ணனுக்குத் தெரியாதது என்று எதுவும் கிடையாது. சொல்ல மாட்டார், அவ்வளவுதான்.

ஒரே வரியில் முடிந்துவிடக்கூடிய பதிலைச் சொல்லாமல் இருப்பதற்காக அவர் இருபது வரி எழுதுவார். 'மேனுவல் பாருங்க' என்பது அவருடைய காலை வணக்கம். 'இதெல்லாம் பேசிக்' என்பது மதிய வணக்கம். இரவு பத்து மணிக்கு மேல் வெறும் இணைப்பு மட்டும் வரும். அதைத் திறந்தால் ஆங்கிலத்தில் ஒரு கையேடு, உருட்ட உருட்ட முடியாமல் போய்க்கொண்டே இருக்கும். கேட்டவருக்கு வேண்டிய வரி அதற்குள் எங்கேயோ இருக்கும். எங்கே என்பது அண்ணனுக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. கல்லூரிப் பையன் ஒருவன் அன்றுதான் லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸ் போட்டிருக்கிறான். குழுவுக்குள் வந்தவன் 'ஹாய்' என்றான். பதில் இல்லை. 'யாராவது இருக்கீங்களா ப்ரோ?' என்றான். ஆயிரக்கணக்கில் பேர் இருக்கிறார்கள்; யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்து ஒரு போட்டோ வந்தது. லேப்டாப் திரையைச் செல்போனில் சாய்த்து எடுத்தது. பாதித் திரையில் டியூப்லைட் வெளிச்சம், மூலையில் அவன் கட்டை விரல். கீழே, 'ஒர்க் ஆகல. அர்ஜெண்ட்.'

எது ஒர்க் ஆகவில்லை என்று எழுதவில்லை. அண்ணனுக்கு எரிச்சல் வருவதில் நியாயம் இருக்கிறது, அதை மறுக்க முடியாது. இதே போட்டோவை, இதே கட்டை விரலோடு, அவர் பல வருடங்களாகப் பார்த்து வருகிறார்.

விஷயம் இதுதான். பையன் விஎல்சி பிளேயரை நிறுவப் பார்த்திருக்கிறான். 'டிபிகேஜி பூட்டை எடுக்க முடியவில்லை' என்று டெர்மினல் மறுத்துவிட்டது. புதிதாகப் போட்ட உபுண்டு, பின்னணியில் தானாகவே அப்டேட் செய்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் இன்னொரு நிரலும் உள்ளே கை வைத்தால் எல்லாம் குழம்பிவிடும் என்பதால்தான் அந்தப் பூட்டு. 'பின்னாடி அப்டேட் ஓடுது தம்பி, கொஞ்ச நேரம் பொறுங்க' என்று சொன்னால் தீர்ந்தது.

அண்ணன் ஆரம்பித்தார்.

'முதலில் குழு விதிகளைப் படிக்கவும்.'

'திரையைப் போட்டோ எடுத்துப் போடுவது எந்த ஊர் வழக்கம்? எரர் மெசேஜை டெக்ஸ்டாக காப்பி செய்யவும்.'

'கூகுளில் தேடினீர்களா? என்னவென்று தேடினீர்கள்?'

'எந்த வெர்ஷன்? கர்னல் என்ன?'

'விஎல்சி எதற்கு? எம்பிவி இருக்கிறதே.'

'அது போகட்டும். ஏன் உபுண்டு? ஆர்ச் போட்டிருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது.'

மனுவை வாங்குவதற்கு முன்பே மனுவில் பிழை பார்க்கும் தாலுகா ஆபீஸ் எழுத்தர்கூட, கடைசியில் எந்த மேஜைக்குப் போக வேண்டும் என்றாவது கை காட்டுவார். அண்ணன் அதையும் செய்வதில்லை. பையன் 'சாரி அண்ணா' என்றான். 'சாரி சொல்வதற்கு இது இடம் இல்லை' என்று பதில் வந்தது.

அந்த நேரம் பார்த்து இன்னொருவர் உள்ளே வந்தார். எல்லாக் குழுவிலும் இருக்கிற அரைகுறை வைத்தியர். 'ப்ரோ, அந்த லாக் ஃபைலை டெலீட் பண்ணிடுங்க, சரியாயிடும்' என்று ஒரு கட்டளையையும் சேர்த்து அனுப்பினார்.

உடனே அண்ணன் பொங்கி எழுந்தார். 'யார் சொன்னது? அப்டேட் பாதியில் இருக்கும்போது பூட்டை அழித்தால் பேக்கேஜ் விவரங்களெல்லாம் பாழாகும். அந்த வேலை முடியும்வரை காத்திருந்தாலே போதும்.' அத்தோடு நிற்கவில்லை. பூட்டு எதற்கு, யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று எப்படிப் பார்ப்பது, நடுவில் கரண்ட் போனால் என்ன செய்வது என்று அழகான, எளிமையான தமிழில் ஒரு பாடமே நடத்திவிட்டார். அவ்வளவும் அவருக்குள்தான் இருந்தது. கேட்டபோது வராதது, தப்பைக் கண்டதும் கொட்டியது. சரியான பதில் வேண்டுமானால் கேள்வி கேட்காதே, தப்பான பதிலைப் போடு என்று ஒரு விதி உண்டு. விக்கியைக் கண்டுபிடித்த வார்டு கன்னிங்காம் பெயரால் அதை கன்னிங்காம் விதி என்பார்கள். அந்த விதிக்கு நடமாடும் நிரூபணம் நம் அண்ணன்.

இதற்குள் முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. 'அண்ணா, இப்ப தானாவே ஒர்க் ஆயிடுச்சு' என்றான் பையன்.

'இதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறேன்' என்றார் அண்ணன்.

அவருடைய பரம்பரை பெரியது. இணையத்தின் பழைய விவாத அரங்கான யூஸ்நெட் காலத்திலேயே அவருடைய முன்னோர்கள் இருந்தார்கள். ஒவ்வொரு செப்டம்பரிலும் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்ந்த புது மாணவர்கள் யூஸ்நெட்டுக்குள் நுழைந்து, எங்கே எப்படிப் பேசுவது என்று தெரியாமல் முட்டி மோதுவார்கள். பழைய ஆட்கள் ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வார்கள். பிறகு ஏஓஎல் போன்ற நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கெல்லாம் கதவைத் திறந்துவிட, புதியவர்கள் வருவது நிற்கவே இல்லை. 1993 செப்டம்பர் இன்னும் முடியவில்லை என்று அந்தத் தாத்தாக்கள் புலம்பினார்கள். நம் அண்ணனுக்கோ ஒவ்வொரு செமஸ்டரும் செப்டம்பர்தான்.

கேள்வி கேட்பது எப்படி என்று 2001-இல் எரிக் ரேமண்ட் என்ற நிரலாளர் இன்னொருவரோடு சேர்ந்து ஒரு நீண்ட கட்டுரையே எழுதினார். அண்ணன் அதை வேதம்போல் வைத்திருக்கிறார். புதிதாக வருகிறவர்களின் தலையில் முதலில் விழுவது அதன் இணைப்புதான். ஆனால் அந்தக் கட்டுரையின் முகப்பிலேயே, இதற்கு இணைப்புக் கொடுப்பவர்கள் நாங்கள் உங்கள் உதவி மையம் அல்ல என்பதையும் பக்கத்தில் போட்டுவிடுங்கள் என்று எழுதியவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கேள்வி கேட்கக் கற்றுக்கொள்ளப் போனவர்களில் பலர், அதை எழுதியவர்களிடமே தங்கள் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். மனித இயல்பு அப்படி. அண்ணன் அந்தப் பத்தியை மட்டும் படிக்கவில்லை.

அண்ணனின் குலதெய்வம் லினஸ் டோர்வால்ட்ஸ். அவர் கதையையே எடுத்துக்கொள்வோம். 1991 ஜூலையில், ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த 21 வயதுப் பையனாக, மினிக்ஸ் என்ற இயங்குதளத்துக்கான செய்திக்குழுவில் அவர் ஒரு கேள்வி போட்டார்: இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் விதிமுறைகள் எங்கே கிடைக்கும்? அன்று நம் அண்ணன் அங்கே இருந்திருந்தால், 'லைப்ரரியில் தேடினீர்களா? எந்தெந்த அலமாரி?' என்று ஆரம்பித்திருப்பார். பையன் மனம் வெறுத்துப் பனிச்சறுக்கு விளையாடப் போயிருப்பான். நல்லவேளை, அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆகஸ்ட் 25 அன்று, தான் ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக அதே இடத்தில் அறிவித்தார். அதுதான் லினக்ஸ்.

அதே லினஸ் பின்னாளில் சக நிரலாளர்களைக் கண்டபடி திட்டுவதற்கும் பேர் போனார். 2018 செப்டம்பரில் அதற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டுவிட்டு, கொஞ்ச நாள் ஒதுங்கியும் இருந்தார். இதை அண்ணனிடம் சொல்லிப் பாருங்கள். 'ஆமாம், அது 4.19 கர்னல் சமயம்' என்பார். வெர்ஷன் ஞாபகம் இருக்கிறது; மன்னிப்பு மனதில் தங்கவில்லை.

அண்ணன் கெட்டவர் இல்லை. உபுண்டுக்காரர்கள் கேட்டவருக்கெல்லாம் இலவசமாகத் தபாலில் குறுந்தகடு அனுப்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. 2011 வரை அனுப்பினார்கள். அப்படி வந்த தகட்டை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தவர்தான் அவரும். யாரோ ஒருவர் வீட்டுக்கே வந்து, பார்ட்டிஷன் பிரித்து, ஒலி வரவைத்து, அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார். அந்த ஆளுடைய பெயரை அண்ணன் இன்றும் மரியாதையோடு சொல்வார். 'மேனுவலைப் படி' என்று அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

அதே குழுவில் ஓர் அக்காவும் உண்டு. அதிகம் பேச மாட்டார். 'விம் எடிட்டருக்குள்ள மாட்டிக்கிட்டேன், வெளிய வர முடியல' என்று யாராவது அலறினால், 'விம்மை விட்டு ஏன் வெளியே வர வேண்டும்?' என்று அண்ணன் தத்துவம் தொடங்குவதற்குள் அக்கா எழுதிவிடுவார்: 'எஸ்கேப் அமுக்கி, கோலன், க்யூ, ஆச்சரியக்குறி, என்டர். சேவ் ஆகாது, பரவாயில்லையாப்பா?' இத்தனைக்கும் அந்தக் கேள்வி ஒன்றும் மட்டமானது இல்லை. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் 2012-இல் ஒருவர் கேட்ட அதே கேள்வியை 2017-க்குள் 10 லட்சம் தடவை பார்த்திருந்தார்கள். தொழில் தெரிந்தவர்கள் கூடும் அந்தத் தளமே, புதியவர்களை நாம் சரியாக வரவேற்பதில்லை என்று 2018-இல் ஒப்புக்கொண்டது. அக்காவுக்கு அந்த அறிவிப்பு தேவைப்படவில்லை.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், அக்காவிடம் பதில் வாங்கியவன் இன்னொருவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பான். அண்ணனிடம் மாட்டியவன் விண்டோஸுக்குத் திரும்பியிருப்பான். குழுக்கள் வளர்வதும் தேய்வதும் இப்படித்தான்.

ஆகவே, புதிதாக வருகிற தம்பி தங்கைகளே, வெறும் 'ஹாய்' வேண்டாம். என்ன செய்யப் பார்த்தீர்கள், என்ன வந்தது, எந்த வெர்ஷன் என்பதை எழுதுங்கள். எரரை எழுத்தாகப் போடுங்கள். சரியானதும், எப்படிச் சரியானது என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் போங்கள். அடுத்து வருகிறவருக்கு உதவும்.

அண்ணன்மார்களே, உங்களுக்கு வேண்டுகோள் ஒன்றுதான். பதில் தெரிந்தால் சொல்லுங்கள். சொல்ல மனமில்லை என்றால் பேசாமல் ஸ்க்ரோல் செய்துவிட்டுப் போங்கள். அதற்கு எந்த மேனுவலும் படிக்க வேண்டியதில்லை.