அறைக்குள் நந்தவனம்: விளக்கு வாங்குவோருக்குச் சில யோசனைகள்

முதலில் அறையைத் தேர்ந்தெடுங்கள். ராஜபாளையத்தில் வெயில் எட்டிப் பார்க்காத அறை கிடைப்பது லேசில்லை, தேடினால் அகப்படும். பக்கத்து வீட்டுக்காரர் மாடிமேல் மாடி எழுப்பி மறைத்த அறை, அல்லது கொசுவுக்குப் பயந்து ஜன்னலை நிரந்தரமாகச் சாத்திய அறை உத்தமம். மொட்டை மாடியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அங்கே வெயில் சும்மா கிடைக்கிறது. சும்மா கிடைப்பதற்கு பில்லும் கிடையாது, வாரண்டியும் கிடையாது.

என்ன செடி? இதில் குழப்பமே வேண்டாம். பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் மாலைக்குத் துளசி, செவ்வந்தி, சம்பங்கி சேர்த்துக் கட்டுவார்கள். திருப்பதி பிரம்மோற்சவத்துக்கும் அங்கிருந்துதான் மாலை போகிறது. பெரியாழ்வார் நந்தவனத்தில் வளர்த்ததை நாம் ஸ்டோர் ரூமில் வளர்க்கப் போகிறோம். அவருக்கு கரண்ட் பில் வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி கடைக்குப் போகலாம். பெட்டியில் வாட் இருக்கும், லூமென் இருக்கும். வாட் என்பது விளக்கு எவ்வளவு தின்னும் என்ற கணக்கு. லூமென் மனிதக் கண்ணுக்கான அளவு. நம் கண்ணுக்குப் பச்சை ஒளி பிரமாதமாகத் தெரியும் என்பதால் அதற்கே அதிக மார்க் போடும். செடிக்கு வேண்டியது 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித் துகள்கள், ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்ற கணக்கு. இதைக் கடைக்காரரிடம் தைரியமாகக் கேளுங்கள்.

“அண்ணாச்சி, இது எத்தனை மைக்ரோமோல்?”

“மோலெல்லாம் தெரியாது தம்பி. மால் நல்ல மால்.”

வாங்கிவிடுங்கள். இதைவிட உறுதியான பதில் அந்தத் தெருவில் கிடைக்காது.

நிறத்தில் மட்டும் கவனம். சிவப்பும் நீலமும் கலந்து ஊதா ரோஸாக எரியும் எல்இடி உண்டு. செடி அதில் வளரும், சந்தேகமில்லை. ஆனால் இலையில் பூச்சி இருப்பது உங்கள் கண்ணுக்குத் தெரியாது. வீட்டில் வெள்ளை ராஜபாளையம் நாய் இருந்தால் அதுவும் ரோஸாகிவிடும். ராத்திரி எட்டு மணிக்கு எதிர்வீட்டு அத்தை, “ஏம்மா, மாடி ரூம்புல கலர் கலரா எரியுதே, என்ன கோளாறு?” என்பார். துளசி வளர்க்கிறோம் என்ற உண்மையை அந்த நேரத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். ரோந்து வரும் போலீஸ்காரர் நிச்சயமாக நம்ப மாட்டார். ஆகவே வெள்ளை எல்இடி. கொஞ்சம் திறன் குறைந்தாலும் மானம் மிஞ்சும்.

பழைய தெருவிளக்கில் இருந்த மஞ்சள் சோடியம் விளக்கு மலிவாகக் கிடைக்கிறது என்று ஒருவர் சொல்வார். வெளிநாட்டில் அதை வைத்து ஏக்கர் கணக்கில் தக்காளி வளர்க்கிறார்கள், உண்மைதான். அங்கே வெளியில் பனி கொட்டுகிறது; விளக்கின் சூடும் அவர்களுக்கு லாபம். சித்திரை மாதத்து ராஜபாளையத்தில் 400 வாட் சோடியத்தைப் பூட்டிய அறைக்குள் எரியவிட்டால் அடுத்த செலவு ஏசி.

இப்போது கொஞ்சம் கணக்கு. நல்ல 100 வாட் எல்இடி, ஜூலுக்கு 2.5 மைக்ரோமோல் கொடுக்கும் ரகம் என்று வைத்துக்கொள்வோம். சுவரில் சிதறியது போக ஒரு சதுர மீட்டருக்கு 200 தேறும். உச்சி வெயிலில் மாடியில் விழுவது ஏறக்குறைய 2000. தினம் 14 மணி நேரம் எரித்தால் 10 மோல் சேரும். மாடியில் நல்ல வெயில் நாளில் 40. துளசிக்கு 10 போதும், பிழைத்துக்கொள்ளும். சம்பங்கி அதில் புல் மாதிரி இலை விட்டுக்கொண்டு நிற்கும், பூவைப் பற்றிப் பேசாது. மின்சாரம் நாளுக்கு 1.4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 84. அரசு 2016-இல் வீடுகளுக்கு 100 யூனிட் இலவசம் என்றபோது அது துளசிக்குத்தான் என்று யாராவது நினைத்திருப்பார்களா? மிச்சம் 16 யூனிட்டில் மிக்ஸியும் ஃபேனும் ஓடட்டும்.

செவ்வந்தி இன்னொரு வகைத் தொல்லை. அதற்குப் பூக்க ஒளி மட்டும் போதாது, இருட்டும் வேண்டும். அதுவும் நீண்ட ராத்திரி. நடுராத்திரி கொஞ்ச நேரம் வெளிச்சம் பட்டாலும் ராத்திரி முடிந்துவிட்டது என்று எண்ணி மொட்டு வைப்பதைத் தள்ளிப்போடும். ஓசூர்ப் பக்கம் செவ்வந்தித் தோட்டங்களில் ராத்திரி பல்பு எரிவது இதற்காகத்தான்: பூ தாமதமாக வரட்டும், காம்பு நீளட்டும், விலை ஏறும் நாளில் பறிக்கலாம். வியட்நாமின் பின் துவான் பகுதியில் டிராகன் பழத் தோட்டத்துக்கு விளக்குப் போடுகிறார்கள். அந்தச் செடி நேர்மாறு, ராத்திரி நீளும் பருவத்தில் அதை உடைத்தால்தான் பூக்கும்.

ஆகவே துளசிக்கும் செவ்வந்திக்கும் ஒரே டைமர் சரிப்படாது. நடுவில் திரை கட்டுங்கள். சத்திரப்பட்டி பக்கத்திலேயே இருக்கிறது, பேண்டேஜ் துணி மலிவு என்று கை பரபரக்கும். காயத்துக்குக் காற்றுப் போக நெய்த துணி வெளிச்சத்தையும் தாராளமாக விடும். கருப்புத் தார்ப்பாய் வாங்குங்கள். ராத்திரி செல்போன் சார்ஜரைத் தேடி அந்த அறைக்குள் டியூப்லைட் போடும் பழக்கமுள்ளவர்களை வீட்டில் கண்டுபிடித்து, பால்கோவா வாங்கிக் கொடுத்துப் பேசி வைப்பது நல்லது.

பில் அதிகம் என்று தோன்றினால் சோலார் போடலாம். 2024-இல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. மொட்டை மாடியை இப்போது நினைத்துக்கொள்ளலாம். பேனல் தன்மேல் விழும் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கும். எல்இடி அதில் பாதியை ஒளியாக்கும், மீதியைச் சூடாக்கும். பத்து பங்கு வெயில் கொடுத்து ஒரு பங்கு வெளிச்சம் வாங்கி, மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில் துளசிக்கு ஊற்றலாம். பேனல் தொட்டியை மறைக்கும் என்பதால் மாடியில் செடி வைக்கும் சபலமும் அத்தோடு ஒழியும்.

ஆடிப்பூரத்துக்கு மாலை வேண்டுமென்றால் கோயில் வாசல் பூக்கடையில் முன்னாடியே சொல்லி வைத்துவிடுங்கள்.