அலெக்ஸா வீட்டு அண்ணன்

பேசின் பிரிட்ஜிலிருந்து புளியந்தோப்பு வரைக்கும் எந்தச் சந்தில் நுழைந்தாலும், 'அலெக்ஸா வீடு' என்று வழி சொல்லத் தகுந்த வீடு ஒன்று அகப்படும். அந்த வீட்டு அண்ணனுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். துறைமுகத்துக் கிளியரிங் ஆபீசிலோ ரயில்வேயிலோ வேலை. தீபாவளி ஆஃபரில் வாங்கிய, திரை வைத்த ஸ்பீக்கர் ஷோகேஸில் டிவிக்குப் பக்கத்தில், மகள் ஜெயித்த கேரம் கோப்பைக்கும் பிளாஸ்டிக் ரோஜாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். திரைமேல் ஒட்டி வந்த தாளை இன்னும் உரித்திருக்க மாட்டார். உரித்தால் பழசாகிவிடும் அல்லவா? அந்தப் பெட்டி அவருக்கு உதவியாள் என்று விளம்பரம் சொல்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வீட்டில் வேலை பார்ப்பவர் அவர்தான். கும்பினிக் காலத்தில் கோட்டைக்கும் கறுப்பர் நகரத்துக்கும் நடுவே நின்ற மொழிபெயர்ப்புத் தரகர்களான துபாஷிகளைப் போல, இயந்திரத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவே அவர் நிற்கிறார். வெள்ளைக்காரனுக்குத் தமிழ் வராத வரைக்கும்தான் துபாஷிக்கு மவுசு. பச்சையப்ப முதலியார் அந்த மவுசில் சேர்த்த பணத்தில் கல்லூரியே எழும்பியது. அண்ணனுக்குக் கிடைப்பது தெருவின் மரியாதை மட்டும்.

இப்படித் திரை வைத்த அலெக்ஸா ஸ்பீக்கர்களில் ஒன்றான எக்கோ ஷோ 5 இந்தியாவுக்கு 2019இல் வந்தது, அப்போது விலை 8,999 ரூபாய். அதே ஆண்டு கூகுளின் நெஸ்ட் ஹப் 9,999 ரூபாய்க்கு வந்தது. அலெக்ஸா இந்தி படித்ததும் அந்த ஆண்டில்தான். 2021இல் அமிதாப் பச்சனின் குரலைக்கூட வருஷத்துக்கு 149 ரூபாய்க்கு விற்றார்கள். தமிழிலோ அது பாட்டுப் போடும், பேச்சு வாங்காது. அண்ணன் குடியிருப்பது இந்த இடைவெளியில். பக்கத்து வீட்டு ஆயா வந்து, "நைனா, மாடில வடாம் காயப் போட்டுக்கீறேன், மழ கிழ வருமா, எடுத்துறட்டான்னு அதாண்ட ஒரு வார்த்த கேளேன்" என்பார். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அலெக்ஸா, ரெயின் டுடே?" என்பார். பெட்டி வெப்பநிலை, வாய்ப்பு விழுக்காடு, இரவு நிலவரம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். அண்ணனின் மொழிபெயர்ப்பு: "எடுத்துரு ஆயா." அதுவும் பெட்டி சொன்னதல்ல. காசிமேட்டுப் பக்கம் வானம் கறுத்திருந்ததை அவர் ஜன்னல் வழியே முன்பே பார்த்துவிட்டார். ஆயாவின் முழுநீளக் கேள்வி இரண்டு ஆங்கிலச் சொல்லாகச் சுருங்குகிறது. பெட்டியின் பிரசங்கம் ஒரே கட்டளையாகத் திரும்புகிறது. தெரு கேட்டுக்கொண்டிருப்பது அண்ணனின் புத்தியை. புகழ் மட்டும் பெட்டிக்குப் போகிறது.

சமையல் விஷயத்தில் மட்டும் துபாஷித்தனம் செல்லாது. சாம்பார் செய்முறையைத் திரையில் வரவழைத்து, நிமிஷக் கணக்கில் டைமரும் வைத்துக் கொடுப்பார். வீட்டம்மாவுக்குக் கணக்கு விசிலில். "இன்னாங்க, அந்தப் பொண்ணுக்கு விசில் எண்ணத் தெரியுமா?" என்று உள்ளேயிருந்து கேள்வி வரும். அண்ணன் அதை மொழிபெயர்ப்பதில்லை.

இதெல்லாம் வெறும் பந்தா, இந்தப் பேட்டைக்காரனுக்கு இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அரசு 2006இல் இலவசக் கலர் டிவி கொடுக்க ஆரம்பித்தபோதும் அதே கேள்வியைக் கேட்டார்கள், பெரும்பாலும் தங்கள் வீட்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு. பந்தா இல்லை என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் இந்த ஊரில் புதுக் கருவி என்பது முதலில் பத்துப் பேர் கூடும் பொருளாகத்தான் வருகிறது. 1930களில் மாநகராட்சி வானொலியைச் சென்னைக்காரர்கள் கேட்டது பூங்கா ஒலிபெருக்கிகளில். பிறகு ரேடியோ வைத்திருந்த வீட்டுத் திண்ணை, பிறகு டிவி இருந்த வீட்டு வாசல். தனி அறைக்குத் தனியாக ஒன்று என்று அமெரிக்காவில் நினைத்துச் செய்த சாமான், சந்தில் வந்திறங்கியதும் திண்ணைச் சாமானாகிவிட்டது. கரண்ட் பில் எகிறும் என்பதும் சரியல்ல. ஐந்து வாட் இழுக்கிறது என்று வைத்தாலும் இரண்டு மாதத்துக்கு ஏழு யூனிட் சொச்சம். அரசின் இலவச யூனிட்டுக்குள் அது எங்கேயோ மூலையில் அடங்கிவிடும்.

இன்னொரு ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. அந்தப் பெட்டி ஒட்டுக் கேட்குமே? காதை அடைக்க அதில் பொத்தான் இருக்கிறது, சில மாடல்களில் கேமராவுக்குக் கதவும் இருக்கிறது. வீட்டம்மா இரண்டையும் நம்பாமல் ராத்திரியில் ஒரு துண்டைப் போட்டு மூடுகிறார். கம்பெனிக் கதவைவிட அந்தத் துண்டின்மேல்தான் எனக்கும் நம்பிக்கை. மற்றபடி, ஒரு சுவரை இரண்டு குடும்பம் பங்குபோடும் இடத்தில் ரகசியம் என்று பெட்டிக்கு மிச்சம் இருப்பது குறைவு. நேற்றைய சண்டை எதிர்வீட்டுக்கு முன்பே தெரியும். போதாததற்கு ரயில். சென்ட்ரலிலிருந்து கிளம்பும் வண்டிகள் அரக்கோணத்துக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் பிரிகிற இடம் இது. உள்ளே வரும் வண்டி சிக்னலுக்காக நின்று, பெருமூச்சு விட்டு, ஹாரன் அடித்து, மறுபடி கிளம்பும். "அலெக்ஸா" என்று கூப்பிட்ட அண்ணனின் குரல் அதில் முழுகிப் போகும். பெட்டி ஒட்டுக் கேட்கிறது என்று வெளியில் பயப்படுகிறார்கள். இங்கே கூப்பிட்டால்கூடக் கேட்கவில்லை என்பதுதான் புகார்.

என் வாதத்தில் உண்மையான ஓட்டை ஒன்று உண்டு. போனில் தமிழிலேயே பேசித் தேட முடிகிறதே? அந்த ஆயாவே யூடியூபின் மைக்கைத் தொட்டு "பழைய எம்ஜியார் பாட்டு" என்று சொல்லிக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். மெட்ரிகுலேஷனில் படிக்கிற மகளோ ஒரே தடவையில் பெட்டியை வழிக்குக் கொண்டுவருகிறாள். அப்படியானால் துபாஷி எதற்கு? அவர் தேவையில்லை என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் போனிடம் ஆயா தனியாகப் பேசுகிறார். பெட்டியிடம் பேச வேண்டுமானால் வாசல் தாண்டி வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, பேரனைப் பற்றி நாலு வார்த்தை சொல்லி, ஒரு டம்ளர் டீயும் குடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வர முடியும். மழை வருமா என்பது சாக்கு. இதைப் புரிந்துகொண்டதால்தான் அண்ணன், மகள் வாயைத் திறக்கும்போதெல்லாம், "மெதுவா பேசுமா, அதுக்குப் புரியாது" என்று இடையில் விழுந்து தன் உத்தியோகத்தைக் காப்பாற்றிக்கொள்கிறார்.

நாளைக்கு இந்தப் பெட்டி தமிழும் படிக்கலாம். இயந்திரங்கள் மொழி கற்கும் வேகத்தைப் பார்த்தால் நெடுநாள் ஆகாது. அண்ணன் அதற்கும் தயார். பெட்டி முதலில் படிப்பது செய்தி வாசிப்பாளர் தமிழாகத்தான் இருக்கும். "இன்று வடசென்னையின் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மிதமான மழை பெய்ய வாய்ப்புள்ளது" என்று அது திருத்தமாகச் சொல்லி முடித்ததும், ஆயா திரும்பி, "இன்னா நைனா சொல்லுது?" என்பார்.