கையை உள்ளே வை, கண்ணு!

போன வாரம் பேச்சுவாக்கில், இருபது வயதில் இரண்டு சீசன் பொருட்காட்சியில் சின்னப் பிள்ளைகள் ராட்டினம் ஓட்டினேன் என்று எழுதிவிட்டேன். என் சிறுகதைத் தொகுப்பு வந்தபோது மூன்று கடிதம் வந்தது. அதில் ஒன்று மின்வாரியத்திலிருந்து. இப்போது பை நிறைய வந்திருக்கிறது. அரசியல், சினிமா கேள்விகள் எல்லாம் வேலிக்கு வெளியே நிற்கட்டும். இந்த வாரம் ராட்டின டோக்கன் வாங்கியவர்களுக்கு மட்டும்.

பொத்தானை அழுத்தினால் ஓடுகிறது, மறுபடி அழுத்தினால் நிற்கிறது. இதற்கு எதற்கு ஓர் ஆள்?
*– ஓய்வுபெற்ற அரசு ஊழியர், விருதுநகர்*

ஐயா, கையெழுத்துப் போட்டால் கோப்பு நகரும், போடாவிட்டால் நிற்கும். அதற்கு முப்பது வருடம் சம்பளம் வாங்கினீர்களே, நான் ஏதாவது கேட்டேனா?

பொத்தான் கடைசி வேலை. அதற்கு முன்னால் குதிரைப் பங்கீடு இருக்கிறது. என் குடை ராட்டினத்தில் பதினைந்து குதிரை, ஒரு வாத்து. வெள்ளைக் குதிரை இரண்டே இரண்டு. வருகிற பிள்ளை அத்தனைக்கும் வெள்ளைதான் வேண்டும். மிச்சமிருக்கிற பழுப்புக் குதிரைகளுக்கு உடனடியாக வீர வரலாறு தயாரிக்க வேண்டும். "இது ராத்திரியில பறக்கும் கண்ணு, பகல்ல சொல்லாது" என்று புளுகுவேன். வாத்துக்கு ஆள் பிடிப்பதுதான் மாநாட்டுக்கு ஆள் பிடிப்பதைவிடக் கஷ்டம். பிரியாணி கொடுத்தால்கூட ஏறமாட்டார்கள்.

ஏற்றியாயிற்றா? இனி பெல்ட், சங்கிலி, வேலிக்குள் நிற்கிற அப்பாவை வெளியே அனுப்புவது, தொங்குகிற துப்பட்டாவை முடிய வைப்பது, கீழே விழுந்த ஒற்றைச் செருப்பு யாருடையது என்ற விசாரணை. அதற்கப்புறம் ஒருமுறை முழுசாகச் சுற்றி வந்து பார்வை. விசில். அப்போதுதான் பொத்தான்.

பக்கத்தில் குட்டி ஜெயன்ட் வீல் ஓட்டிய அண்ணனுக்கு இன்னும் பாடு. எதிரெதிர்த் தொட்டிலில் எடை ஒத்திருக்க வேண்டும். ஒரே பக்கமாக ஏற்றினால் கனமான பக்கம் கீழே இழுக்கும், மோட்டார் முக்கும். தராசு இல்லாமல், கண்ணாலேயே பிள்ளைகளை எடை போடுவார். பின்னாளில் காய்கறிக் கடை வைத்தார் என்று கேள்வி.

ஆபரேட்டருக்குச் சம்பளம் எவ்வளவு?
*– வேலை தேடுபவன், ஆத்தூர்*

அந்தத் தொழிலில் மேலே போவது ராட்டினம் மட்டும்.

'ரைடு' என்று சொல்வதா, 'ராட்டினம்' என்று சொல்வதா?
*– தமிழாசிரியை, சிதம்பரம்*

டீச்சர், வாயில் சர்க்கரை போட்டீர்கள். ரைடு என்றால் எனக்கு வருமானவரித்துறைதான் ஞாபகம் வரும். ராட்டினம் என்று சொல்லிப் பாருங்கள், வாயிலேயே அரைச் சுற்று ஓடும். கிணற்றில் கயிறு ஓடும் உருளையும் ராட்டினம், நூல் நூற்கிறதும் ராட்டினம், திருவிழாவில் சுற்றுவதும் ராட்டினம். முதலாவதில் தண்ணீர் வரும், இரண்டாவதில் நூல் வரும், மூன்றாவதில் மத்தியானம் சாப்பிட்டது வரும்.

இவ்வளவு விளக்கிய பிறகும் எங்கள் வீட்டுப் பேரன் "தாத்தா ரைடு ஆபரேட்டர்" என்றுதான் நண்பர்களிடம் சொல்கிறான். கௌரவமாக இருக்கிறதாம்.

ராட்டினத்தைக் கண்டுபிடித்தவர் பெர்ரிஸ்தானே?
*– போட்டித் தேர்வு எழுதுபவர், தென்காசி*

தேர்வில் அப்படி எழுதி மதிப்பெண் வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே அப்படி விடமுடியாது.

1889-இல் பாரிஸ்காரர்கள் ஈபில் கோபுரத்தை நிமிர்த்திவிட்டார்கள். 1893-இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி. அமெரிக்காவுக்கு மானப் பிரச்சினை. ஜார்ஜ் பெர்ரிஸ் என்ற பாலம் கட்டும் எஞ்சினியர், 264 அடி உயரச் சக்கரம் ஒன்றை நிறுத்தினார். தொட்டில் என்றால் தொட்டிலா அது? 36 பெட்டி, பெட்டிக்கு 60 பேர். எங்கள் ஊர் டவுன் பஸ்ஸைப் போல முப்பத்தாறைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. இரண்டு சுற்றுக்கு 50 சென்ட். கூட்டமோ கூட்டம். ஆனாலும் மூன்றே வருடத்தில், 37 வயதில் மனிதர் போய்விட்டார். 1906-இல் அந்தச் சக்கரத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

பெருமை அவருடையது, கண்டுபிடிப்பு அவருடையது அல்ல. 1620-இல் பால்கன் பக்கம் போன பீட்டர் மண்டி என்ற ஆங்கிலேய யாத்ரீகர், ஆட்கள் கையால் சுற்றும் மர ராட்டினத்தைப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார். நம் ஊர்த் திருவிழாவில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாலு பெட்டி மர ராட்டினத்தைக் கையாலேயே தள்ளி விட்டவருக்கு பேட்டன்ட் ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று தெரியாது. தெரிந்திருந்தாலும், ராட்டினத்தை விட்டுவிட்டு எப்படிப் போவார்?

குடை ராட்டினம் வலமாகச் சுற்ற வேண்டுமா, இடமாகவா?
*– ஆன்மிக அன்பர், திருவண்ணாமலை*

இங்கிலாந்தில் பெரும்பாலும் வலம், அமெரிக்காவில் இடம். நம்மூரில் எலக்ட்ரீஷியன் விட்ட வழி. த்ரீ பேஸ் மோட்டாரில் இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் சுற்றும். முதல் சீசனில் ஒருநாள் காலை என் குதிரைகள் எல்லாம் வாலை முன்னால் நீட்டிக்கொண்டு ஓடின.

பேய் வீட்டில் பேயாக நடிப்பவர் எதற்குப் பயப்படுவார்?
*– பத்தாம் வகுப்பு மாணவன், அரியலூர்*

ஒன்றாம் தேதிக்கு. வீட்டுக்காரருக்கு.

என் மகன் உயரம் இரண்டு சென்டிமீட்டர்தான் குறைவு. ஏற்றிக்கொண்டால் குடியா முழுகிவிடும்?
*– கோபமான அப்பா, ஓசூர்*

அளவுக் கம்பு பக்கத்தில் நான் பார்த்த நாடகங்களைப் பிராட்வேயில்கூடப் பார்க்க முடியாது (சென்னை பிராட்வேயைச் சொல்கிறேன்). பிள்ளையின் குடுமியை உச்சிக்கு ஏற்றிக் கட்டுவார்கள். அக்காவின் ஹீல்ஸை மாட்டி விடுவார்கள். பஸ்ஸில் வரும்போது நாலு வயதாக இருந்த பிள்ளை, இறங்கி நடந்த கால்மணி நேரத்தில் எட்டு வயதாகியிருக்கும். பிள்ளைகள்தான் சத்தியவான்கள். "பொய் சொல்லாதம்மா, எனக்கு நாலுதானே!"

விஷயம் உயரம் அல்ல சார். மடியின் மேல் இறங்குகிற கம்பி, தொடை தடிமனைக் கணக்கு வைத்துச் செய்தது. அருகில் உட்கார்ந்த உங்கள் தொடையில் அது முட்டி நின்றுவிடும். பையனுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு பூசணிக்காய் போகிற இடைவெளி இருக்கும். அவன் அதன் அடியில் வழுக்கிக்கொண்டு வந்துவிடுவான். ஆறு மாதம் முருங்கைக்கீரை கொடுங்கள். ராட்டினம் எங்கும் போய்விடாது.

குழந்தைகளுக்குத் தலை சுற்றாது என்கிறார்களே?
*– புதுத் தாத்தா, நாகர்கோவில்*

சொன்னவர் துடைத்ததில்லை. காதுக்குள் மூன்று அரைவட்டக் குழாய், அதற்குள் நீர். ராட்டினம் நின்றாலும் உள்ளே நீர் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருக்கும். கண் 'நின்னாச்சு' என்னும், காது 'இன்னும் இல்லை' என்னும். நடுவில் மாட்டிய வயிறு ராஜினாமா கொடுக்கும். கைக்குழந்தைகளுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. இரண்டு வயதுக்கு மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் பெரியவர்களைவிட அதிகம் அவஸ்தைப்படுவார்கள். அதற்காகவே ஒரு வாளி மணல் வைத்திருப்போம். முதலில் ராட்டினம், அப்புறம் டெல்லி அப்பளம். வரிசை மாறினால் வாளி காலி.

எந்தப் பிள்ளை உங்களை அதிகம் பயமுறுத்தியது?
*– இல்லத்தரசி, காரைக்குடி*

ஏறும்போது அழுகிறது ஒரு ரகம், இறங்க மாட்டேன் என்று அழுகிறது ஒரு ரகம். இரண்டும் பிரச்சினையே இல்லை. அழுகை காதில் விழுகிறதே! சத்தமே போடாமல், உதட்டைக் கடித்து, கம்பியைப் பிடித்த விரல் வெளுத்துப்போய் உட்கார்ந்திருக்கும் பாருங்கள் ஒன்று, அதைத்தான் கண்ணால் பிடித்தபடியே இருக்க வேண்டும். எந்த நொடியிலும் எழுந்து நிற்கும். அதன் அப்பா அப்போது செல்போனில் வேறு பிள்ளையைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார். மிகையில்லை. அந்தக் காலத்தில் கேமராவில் செய்தார்கள், இப்போது செல்போனில்.

சினிமாவுக்கும் ராட்டினத்துக்கும் என்ன சம்பந்தம்?
*– சினிமா ரசிகர், தாம்பரம்*

உங்கள் ஊரிலேயே விடை இருக்கிறதே! 1984-இல் 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்று இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படத்தைத் தயாரித்த நவோதயா அப்பச்சன்தான், 1995-இல் தாம்பரத்துக்குப் பக்கம் கிஷ்கிந்தா பொழுதுபோக்குப் பூங்காவைத் தொடங்கியவர். அந்தப் படத்தில் பிள்ளைகள் சுவரிலும் உட்கூரையிலும் நடப்பார்களே, அவர்கள் எங்கும் ஏறவில்லை. அறையையே இரும்புக் கூட்டில் மாட்டிச் சுற்றினார்கள். பெரிய ராட்டினத்துக்குள் பாட்டு எடுத்திருக்கிறார்கள். ஆபரேட்டர் யார் என்று டைட்டிலில் தேடுகிறேன்.

என் மகனுக்கு 9 வயது. பேச்சு வராது, சத்தம் ஆகாது. ஆனால் சுற்றுகிற எதைப் பார்த்தாலும் முகம் மலரும். போன மாதம் ராட்டினக்காரர் ஏற்ற மறுத்துவிட்டார். எல்லாரும் பார்க்கத் திரும்பி வந்தோம். அவர் செய்தது சரியா?
*– ஒரு தாய், திருப்பூர்*

அம்மா, அவர் செய்ததை நானும் செய்திருக்கிறேன். இரண்டாவது சீசன், ஞாயிற்றுக்கிழமை இரவு. ஒரு பாட்டி பேத்தியைக் கூட்டி வந்தார். காதைப் பொத்திக்கொண்டே நின்ற பிள்ளை. ஓடும்போது எழுந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, "வேண்டாம் பெரியம்மா" என்று சொல்லிவிட்டேன். பயம் தப்பில்லை. பயந்த பிறகு ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும்; நான் அடுத்த டோக்கனைக் கிழித்தேன்.

குதிரைகளுக்கு நடுவே ரதம் மாதிரி ஒரு பெஞ்சு இருந்தது. பாட்டியும் பேத்தியும் அதில் சேர்ந்து உட்கார்ந்திருக்கலாம். ஒரு சுற்றுக்கு ஸ்பீக்கரை அணைத்திருக்கலாம். எனக்கு ஐந்து பைசா செலவில்லை. பாட்டி சண்டை போடவில்லை, அதுதான் இன்னும் குத்துகிறது. 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொழுதுபோக்கிலும் அவர்களுக்குச் சம இடம் வேண்டும் என்கிறது. சட்டத்தைக் காட்டிச் சண்டை போட நேர்ந்தால் போடுங்கள். அதற்கு முன், வார நாளில் திறந்தவுடன், கூட்டம் சேருமுன் போங்கள். டோக்கன் வாங்குமுன் ஆபரேட்டரிடம் பேசுங்கள். இரண்டு சுற்று அவன் நின்று பார்க்கட்டும். பாட்டை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். நூற்றுக்கு அறுபது பேர் நிறுத்துவார்கள் என்பது என் சொந்த நம்பிக்கை. தானாக நிமிர்ந்து உட்காரவோ கம்பியைப் பிடிக்கவோ முடியாத பிள்ளையை வேகமான ராட்டினத்தில் ஏற்ற மறுத்தால் மட்டும் கோபப்படாதீர்கள். அது வேறு கணக்கு.

போய் வந்து எழுதுங்கள். வெள்ளைக் குதிரையா, வாத்தா என்று தெரிய வேண்டும்.

ஏறுவதற்கு முன் நாங்கள் எதைப் பார்க்க வேண்டும்?
*– ஜாக்கிரதையான சித்தப்பா, கடலூர்*

2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியா ஏரிப் பூங்காவில் ஊசல் ராட்டினம் ஒன்று முறிந்து இரண்டு பேர் இறந்தார்கள். அதனால் இந்தக் கேள்விக்குச் சிரிக்காமல் பதில். பூட்டுப் பின் இருக்க வேண்டிய இடத்தில் கட்டுக்கம்பி முறுக்கியிருந்தால் ஏறாதீர்கள். காலையில் ஆளில்லாமல் ஓட்டிப் பார்த்தீர்களா என்று கேளுங்கள், கோபப்பட்டால் ஏறாதீர்கள். ஆபரேட்டர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் ராட்டினம் தங்கத்தில் செய்திருந்தாலும் ஏறாதீர்கள்.

பூங்கா ஊழியர்களில் உங்கள் ஹீரோ?
*– ரசிகை, மயிலாப்பூர்*

சென்னை வி.ஜி.பி. பூங்காவில் சிலையாக நிற்கும் மனிதர். எத்தனை பேர் சேட்டை செய்தாலும் முகம் அசையாது. என் வேலை நேர்மாறு; பத்து மணி நேரம் சிரித்தபடி நிற்க வேண்டும். அவர் பாடு தேவலை.

டெல்லி அப்பளம் டெல்லியில் கிடைக்குமா?
*– சாப்பாட்டு ராமன், கும்பகோணம்*

நாலு தடவை போய்த் தேடினேன். கரோல்பாக்கில் ஒரு பெரியவர் மட்டும் அடையாளம் சொன்னார். மெட்ராஸ் தீவுத்திடலில் கிடைக்குமாம்.