கைதூக்கி அண்ணாச்சி

தென்னிந்தியத் திருச்சபையின் தென்மாவட்டச் சேகரம் எதுவாயினும், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் அமைந்த ஊர்ச்சபைகளின் தொகுதி எதுவாயினும், அதன் கமிட்டியில் கைதூக்கி அண்ணாச்சி ஒருவர் இருந்தே தீருவார். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் ஒன்றிணைந்தபோது, பேராயரின் அதிகாரமும் சபையாரின் வாக்கும் ஒரே கூரையின்கீழ் வந்தன. கை தூக்கும் உரிமையை விதிகள் வழங்கிவிட்டன. தூக்குமுன் அக்கம்பக்கம் பார்க்கும் கண்ணுக்கு எந்த விதிதான் என்ன செய்யும்?

அண்ணாச்சி வேதம் வாசிப்பவர், ஞாயிறு ஆராதனை தவறாதவர், சங்கக் காணிக்கையில் பாக்கி வைக்காதவர். தீர்மானம் வாசிக்கப்பட்டதும் அவருடைய வலக்கை காதுவரை எழும்பி, காதோரத்தைச் சொறிந்தவாறு அங்கேயே தங்கும். பாதிக்கு மேற்பட்ட கைகள் உயர்ந்தது உறுதியான பின்னரே முழுநீளத்துக்கு நிமிரும். எதிர்ப்பு வலுத்தாலோ, அரிப்பு தீர்ந்து கை மடிக்குத் திரும்பிவிடும்.

இவரை முழுமையாகக் காண வேண்டுமானால் அசனக் கணக்கு வாசிக்கப்படும் கூட்டத்தில் காண வேண்டும். அசனம் என்பது பண்டிகையை ஒட்டிச் சபையார் ஒரே பந்தியில் அமர்ந்து சோறும் கறியும் உண்ணும் விருந்து. விடியுமுன்னே சமையல் பந்தலில் நின்று 12 ஆடுகள் உரிக்கப்பட்டதைக் கண்ணால் கண்டவர் அண்ணாச்சி. கணக்கில் இருப்பவையோ 18. காணாமற்போன ஓர் ஆட்டுக்காக 99 ஆடுகளை விட்டுச்சென்ற மேய்ப்பனின் உவமையை ஞாயிறுபள்ளியில் ஆண்டுதோறும் கற்பிப்பவரே எனினும், பிறவாத 6 ஆடுகளைத் தேடும்படி எந்த உவமையும் அவருக்குக் கட்டளையிடவில்லை. இளம் ஆசிரியை ஒருவர் எழுந்து ரசீது கேட்கிறார். அறை முழுவதும் தரையைப் பார்க்கிறது. அங்கிருப்போரில் பலர் பந்தலில் நின்றவர்களே. ஆயினும் ஒவ்வொருவரும் மற்றவர் வாய் திறவாததைக் கண்டு, பேச இது வேளையன்று என முடிவுசெய்வதால், யாரும் மிரட்டாமலே கூட்டத்திற்கு ஓர் அதிகாரம் வந்துவிடுகிறது. அஞ்சுவதற்குக் காரணமும் இல்லாமலில்லை: மகனுக்குப் பேராயரின் ஆளுகைக்குட்பட்ட திருமண்டலப் பள்ளியில் வேலை ஆக வேண்டும், மகளுக்குக் கல்யாண ஓலை, அதாவது திருமணத்திற்கு முந்தைய ஞாயிறுகளில் ஆலயத்தில் வாசிக்கப்படும் அறிவிப்பு, தடையின்றி வாசிக்கப்பட வேண்டும்.

வேதத்திலேயே இவருக்கு முன்னோர் உண்டு. யோவான் சுவிசேஷத்தின் 9ஆம் அதிகாரத்தில், பார்வை பெற்ற பிறவிக்குருடனின் பெற்றோர், ஜெப ஆலயத்திலிருந்து விலக்கப்படுவோம் என்றஞ்சி, மகனையே கேட்டுக்கொள்ளும்படி சொல்லி நழுவுகின்றனர். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உண்டுகொண்டிருந்த பேதுரு, யாக்கோபினிடமிருந்து சிலர் வந்ததும் பந்தியைவிட்டு விலகியதை, கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் போட்டு உடைக்கிறார். பேதுருவுக்காவது முகத்துக்கு நேரே கேட்க ஒரு பவுல் இருந்தார். அண்ணாச்சியோ, பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனையில், கூட்டத்திற்கு அஞ்சிய பிலாத்துவை அரைமணி நேரம் கண்டிக்கும் பொறுப்பைத் தாமே கேட்டு வாங்கிக்கொள்பவர்.

கூட்டம் கலைந்தபின், ஸ்கூட்டர்கள் நிற்கும் வேப்பமரத்தடியில் ஆசிரியையை அணுகி, இருபுறமும் பார்த்துவிட்டு, “நல்லாக் கேட்டிய டீச்சர், நானே கேக்கணும்னுதான் இருந்தேன், ஒங்களுக்காக ஜெபிச்சிக்கிடுதேன்” என்கிறார். ஜெபிக்கவும் செய்கிறார், அதில் ஐயமில்லை. அடுத்த மாதம், ஞாயிறுபள்ளிப் பொறுப்பிலிருந்து ஆசிரியைக்கு ஓய்வளிக்கும் தீர்மானம் முன்மொழியப்படுகிறது. வழிமொழிய ஆள் தேடும் தலைவரின் பார்வை தம்மீது விழுந்ததும், அண்ணாச்சி காதைச் சொறிந்து முடித்து எழுந்து வழிமொழிகிறார், ஆசிரியையின் அரும்பணிக்கு நன்றி தெரிவிக்கும் ஒரு வரியும் சேர்க்கப்பட வேண்டும் என்ற திருத்தத்துடன்.