ஓணானுக்குக் கொஞ்சம் வெயில், கொஞ்சம் நிழல்

கேள்வி: என் மகன் பியர்டட் டிராகன் வளர்க்கிறான். இந்தக் குளிருக்குக் கூண்டில் சூடேறும் கல் ஒன்று வைத்தால் போதும் என்கிறான். போதுமா?
- ஒரு வாசகி, லண்டன்

பதில்: வேலியில் போன ஓணானை வீட்டுக்குள் விட்டாயிற்று, இனி கரண்ட் பில்லைப் பார்த்து 'குத்துதே, குடையுதே' என்று புலம்பிப் பயனில்லை!

கல் வேண்டாம். ஆஸ்திரேலிய வறண்ட நிலத்து ஓணான் இது. சூடு மேலே சூரியனிடமிருந்து வந்துதான் இதற்குப் பழக்கம். வயிற்றுக்கடியில் தோசைக்கல் கொதித்தால் சட்டென்று விலகத் தெரியாது. வெந்த பிறகுதான் நமக்கே தெரியும்.

கூண்டின் ஒரு முனையில், மேலே விளக்கு. அதன்கீழ் வெயில் காயும் பாறையில் 38 முதல் 42 டிகிரி செல்சியஸ். எதிர்முனையில் 22 முதல் 26. ஓணானுக்கு உடம்புக்குள் அடுப்பு கிடையாது. வெயிலுக்கும் நிழலுக்கும் நடந்துதான் சூட்டைச் சரிக்கட்டும். கூண்டு முழுக்க 40 என்றால் அது வீடல்ல, இட்லிப் பானை.

விளக்கைத் தெர்மோஸ்டாட்டில் இணையுங்கள். அதன் சென்சாரை நகராதபடி கட்டுங்கள். அது கழன்று குளிர்ந்த மூலையில் விழுந்தால், 'இன்னும் குளிருதே' என்று நம்பி விளக்கை எரியவிட்டுக்கொண்டே இருக்கும். பல்பைச் சுற்றிக் கம்பி வலை, பீங்கான் ஹோல்டர், சரிபார்க்கத் தனியாக ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர். புற ஊதா விளக்கு தனிச்செலவு. சூட்டு பல்பு அந்த வேலையைச் செய்யாது.

இரவில் விளக்கை அணைத்துவிடுங்கள். கூண்டு 18 டிகிரிக்குக் கீழே போகாதவரை அதற்குப் போர்வை வேண்டாம். மகனுக்குப் போர்த்துங்கள்!