பனிக்கரடியும் கிள்ளை நண்டும்

வா தம்பி, உக்காரு. பருவநிலை மாற்றத்தைப் பத்தி எழுத பிச்சாவரம் வந்தியாக்கும்? முதல் பாராவுல பூமித்தாய் அழுவா, ரெண்டாவதுல பனிக்கரடி அழுவும், மூணாவதுல நீயே அழுதுடுவ. சரிதானே? இந்தக் கிள்ளை ஊர்ல பனிக்கரடி ஏதுப்பா? நண்டுதான் இருக்கு. அது எவனுக்காவும் அழுவாது.

படகுல ஏறினா 1975ல வந்த 'இதயக்கனி' படத்தை இங்க எடுத்த கதையைச் சொல்லுவாங்க. கேட்டுக்க, தப்பில்ல. ஆனா அலையாத்திக் காட்டைப் 'பச்சைக் கம்பளம்'னு எழுதி முடிச்சிடாத. கரையில வேரை ஊனி நிக்கிறது சுரபுன்னை. உள்ள வெண்கண்டல். அந்தாண்ட தில்லை, சிதம்பரம் கோயிலோட தலமரம். படம் புடிக்கிறேன்னு அதோட கிளையை ஒடிச்சிடாத. பால் கண்ணுல பட்டா, அப்புறம் நீ பாத்து எழுத முடியாது, கேட்டுத்தான் எழுதணும்.

எழுத விஷயமா இல்ல? வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து 1970கள் வரைக்கும் கூப்பு கூப்பா, அதாவது துண்டு துண்டாப் பிரிச்சு இந்தக் காட்டை மொட்டையடிச்சாங்க. வெயில் பட்டு மண்ணு உள்வாங்கிப் பள்ளமாச்சு. புகுந்த கடல்தண்ணி வெளிய போவல. உப்பு ஏறிச்சு, கன்னு முளைக்கல. பழி மட்டும் நம்மாளுங்க மேல: விறகு வெட்டினானாம், மாடு மேய்ச்சானாம். 1990கள்லதான் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரங்களும் சேந்து மீன்முள்ளாட்டம் கால்வாய் வெட்டினாங்க. ஏத்தத்துல தண்ணி வந்துச்சு, வத்தத்துல போச்சு. நட்ட கன்னு புடிச்சுக்கிச்சு.

2004 சுனாமியில காட்டுக்குப் பின்னால இருந்த ஊருங்க பெருசா அடிபடல. கடலை ஒட்டின எம்.ஜி.ஆர். திட்டு சின்னாபின்னமாச்சு. உடனே 'காடே காத்தது'ன்னு தலைப்பு போட்டுடுவ. கடலுக்கும் ஊருக்கும் உள்ள தூரமும் தரையோட மேடும்தான் காரணம்னு மல்லுக்கு நின்ன விஞ்ஞானிங்களும் உண்டு. அதையும் எழுது, கையி ஒண்ணும் சுளுக்கிக்காது.

கடல் ஏறுது, கொள்ளிடத்துல நல்லதண்ணி குறைஞ்சா உப்பு இன்னும் கூடும். எல்லாம் நிஜம்தான். ஆனா வெட்டின கால்வாய் சும்மா கெடக்காது, தூர்ந்துபோவும். கடைசியா எப்ப வாரினாங்க, அடுத்து யாரு வாரணும், காசு எங்கேர்ந்து வரும்னு விசாரிச்சு எழுது. அதைப் படிச்சவன் கையெழுத்துப் போட்டு ஒரு மனுவாச்சும் குடுக்கட்டும். அவனை அழ வச்சிட்டு மட்டும் போயிடாத தம்பி. கண்ணீரும் உப்புத்தான். இங்க உப்பு ஏற்கெனவே ஜாஸ்தி.