ஜன்னல் வண்ணவியல்: ஐயம்பேட்டைத் தறிவீடுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

எல்லையை முதலில் வகுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நெறியாளர்கள் விடமாட்டார்கள். இக்கட்டுரையில் வரும் ஐயம்பேட்டை, காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் இருப்பது. தஞ்சாவூருக்கும் பாபநாசத்துக்கும் இடையே ரயில் நிற்கிற ஐயம்பேட்டை அன்று. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கண்ணாடியில் படம் எழுதுவதில் தஞ்சைக்காரர்களுக்குப் பழைய பாத்தியதை இருக்கிறது. மராத்தியர் ஆட்சியில் அங்கே செழித்த கண்ணாடி ஓவியத்தில் எல்லாமே தலைகீழ்: கண், மூக்கு, நகை முதலில், முகத்தின் நிறம் பிறகு, பின்னணி கடைசியில். கண்ணாடியைத் திருப்பினால்தான் சாமி தெரியும். அந்த ஐயம்பேட்டைக்காரர்கள் இந்த ஆய்வில் புகுந்தால் முடிவுகள் எல்லாம் அவர்கள் பக்கம் சாய்ந்துவிடும்.

ஆய்வுப் பொருள் இதுதான்: பழைய போட்டோ பிரேமிலிருந்து கழற்றிய கண்ணாடி. அதன் மேல் கறுப்புக் கோடு, கோட்டுக்குள் பளபளக்கும் சாயம். ஜன்னலில் மாட்டிவிட்டு, ‘சர்ச்சுல இருக்குமே, அந்த மாதிரி’ என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்வது.

‘அந்த மாதிரி’ என்பதில் எவ்வளவு ‘மாதிரி’ இருக்கிறது என்பதே முதல் வினா. 1896-ல் புதுப்பித்துக் கட்டிய சாந்தோம் தேவாலயத்திலோ, அதற்குப் பல நூற்றாண்டு மூத்த பிரான்சின் ஷார்த்ர் பேராலயத்திலோ, நிறம் பெரும்பாலும் கண்ணாடியின் மேல் இல்லை, கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது. உருக்கும்போதே உலோகத்தைச் சேர்த்துவிடுவார்கள். கோபால்ட் போட்டால் நீலம், மாங்கனீசு போட்டால் ஊதா. துண்டுகளை இணைப்பது ஈயப் பட்டை. மஞ்சளுக்கு மட்டும் 14-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஒரு தந்திரம் பிடிபட்டது: வெள்ளிச் சேர்மத்தைக் கண்ணாடியின் முதுகில் பூசிச் சூளையில் வைத்தால், வெந்து வெளியே வரும்போது பொன்மஞ்சள். ஐயம்பேட்டைக்காரரிடம் இதைப் பெரிய அதிசயமாகச் சொல்ல முடியாது. சிவப்புப் பட்டிழையில் வெள்ளித் தகட்டைச் சுற்றி, மேலே தங்கப் பூச்சுக் கொடுத்து, ஜரிகை என்று முந்தானை முழுக்க ஓட்டிக்கொண்டிருக்கிறவர்கள் அவர்கள். வெள்ளியைப் பொன்னாகக் காட்டும் வித்தையில் ஐரோப்பாவும் காஞ்சியும் பங்காளிகள் என்பது இவ்வாய்வின் துணை முடிவு. மறுப்பவர்கள் ஜரிகையை உரசிப் பார்க்கலாம்.

வீட்டு முறைக்கு வருவோம். கண்ணாடியை ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டும். எண்ணெய்க் கை பட்ட இடத்தில் சாயம் ஒட்டாமல் விலகி நிற்கும். படத்தைத் தாளில் வரைந்து கண்ணாடிக்கு அடியில் வைத்து, மேலே கறுப்பு லைனரால் கோடு இழுக்க வேண்டும். லைனர் டியூப் தீர்ந்துபோனவர்கள் ஃபெவிகாலில் கறுப்பு பெயின்டைக் குழைத்து மெஹந்தி கோனில் அடைத்துக்கொள்கிறார்கள். கலையுலகம் இதை ஒப்புமா தெரியாது, கண்ணாடி ஒப்புக்கொள்கிறது. கோடு காய்ந்த பிறகுதான் நிறம். பிரஷ்ஷால் தேய்க்கக் கூடாது. சொட்டுச் சொட்டாக விட்டு, அது தானாகப் பரவிக் கோட்டில் போய் முட்டும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். குமிழி வந்தால் ஊசியால் குத்த வேண்டும். கோட்டில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் மயிலின் நீலம் மாங்காய்க்குள் போய்விடும். இந்த இடத்தில் சிக்குக் கோலம் போட்டுப் பழகிய பெண்கள் மற்றவர்களை வெகுதூரம் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். இழையை எங்கேயும் திறந்து விடாத கை அது.

அடுத்தது அவசரம் பற்றிய இயல். பழைய ஐரோப்பியக் கண்ணாடி அடிப்பக்கம் தடித்திருப்பதற்கு, அது நூற்றாண்டுக் கணக்கில் மெல்ல வழிந்ததுதான் காரணம் என்று ஒரு கதை உலவுகிறது. அது பொய், அந்தக் காலத்தில் கண்ணாடியை ஒரே சீராக வார்க்க முடியவில்லை, அவ்வளவே. ஆனால் ஈரம் காயுமுன் நிமிர்த்தி மாட்டப்பட்ட ஐயம்பேட்டைக் கண்ணாடி நிஜமாகவே வழியும். நூற்றாண்டுகூட வேண்டாம், ஒரு சீரியல் முடிவதற்குள் அன்னத்தின் கழுத்து அதன் வயிற்றில் இருக்கும்.

இதுவரை சொன்னது தொழில்நுட்பம். உண்மையான சிக்கல், மாட்டுவதில்தான் தொடங்குகிறது. தறி இருக்கும் வீட்டில் ஜன்னல் என்பது அழகுக்கு அல்ல. அது ஒரு கருவி. கூரையில் நாலு ஓட்டுக்கு நடுவே கண்ணாடி ஓடு பதிப்பதும் பாவின் மேல் வெளிச்சம் விழத்தான். ஊரே நிறத்தில் பிழைக்கிறது: அரக்கு, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், எம்.எஸ். நீலம். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று ஓட்டி, திருப்பத் திருப்ப மாறும் மயில்கழுத்தை உண்டாக்குகிறவர்கள், நிறத்தைச் சாதாரண வெயிலில்தான் நம்புவார்கள். ஜவுளிக்கடையில் டியூப்லைட்டுக்குக் கீழே ஒன்றாகத் தெரிந்த புடவையும் ரவிக்கைத் துணியும் வாசலுக்கு வந்ததும் வேறு வேறாகிவிடுவதை அறியாத பெண் தமிழ்நாட்டில் உண்டா?

இந்தப் பின்னணியில் கீழ்க்கண்ட உரையாடல் களச்சான்றாகக் கொள்ளப்படுகிறது. காலை வெயில் ஏறி, புதிதாக மாட்டிய கண்ணாடி வழியே ஒரு சிவப்புத் துண்டு தறியில் விழுந்த நேரம்.

“ஏம்மா, இந்தச் செவப்பு எங்கேர்ந்து வருது? கிளிப்பச்சை கருப்பா தெரியுது.”

“அது செம்பருத்தி, பெரியப்பா. நல்லாருக்கா?”

“நல்லாருக்கு. செம்பருத்தியக் கொல்லையில வச்சுக்கோ.”

பெரியப்பா சொன்னது அறிவியல்படி சரி. சிவப்புக் கண்ணாடி சிவப்பை மட்டும் உள்ளே விடும். பச்சை இழைக்குத் திருப்பி அனுப்பப் பச்சை ஒளி வந்து சேராது, ஆகவே இருண்டுவிடும். செட்டிநாட்டு வீடுகளில் வண்ணக் கண்ணாடிகள் தலைமுறை தலைமுறையாக இருக்க முடிந்தது எப்படி என்பதற்கும் இதில் விளக்கம் கிடைக்கிறது: அந்த வீட்டு வெளிச்சத்தில் கணக்குத்தான் பார்த்தார்கள், தறியில் கோர்வை போடவில்லை. கணக்கு எந்த நிறத்திலும் கூடும், குறையும்.

ஆக, நிறத்தையே தொழிலாகக் கொண்ட ஊரில் நிறம் போகக் கூடாத ஒரே இடம் ஜன்னல் என்று ஆகிறது. இதற்குத் தெருவில் பல தீர்வுகள் முன்மொழியப்பட்டுள்ளன. வாசல் ஜன்னலில் வைக்கலாம் என்றால், கொசுவலைக்குப் பின்னால் அன்னமும் ஒன்றுதான், அழுக்கும் ஒன்றுதான். பூஜையறைக்கு ஜன்னலே கிடையாது. சமையலறை ஜன்னலில் மாட்டினால், பால் பொங்குவதை நீல வெளிச்சத்தில் கவனிக்க முடியவில்லை என்று அத்தைமார் தரப்பில் ஆட்சேபம் பதிவாகியுள்ளது.

எஞ்சியது குளியலறை வென்டிலேட்டர். செம்பருத்தி இப்போது அங்கேதான் இருக்கிறது. காலையில் குளிப்பவர்களுக்குப் பச்சை சோப்பு கறுப்பாகத் தெரிகிறது. இதுவரை யாரும் அதைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போகவில்லை.